ஏர் தொடக் கூடாதவளின் நிலம்

ஹோ பழங்குடிப் பெண் ஏரைத் தொடக் கூடாது. கூரை மேல் ஏறி வேயவும் கூடாது. மீறினால் மழை பொய்க்கும், ஊருக்குக் கேடு வரும் என்பது நம்பிக்கை. ஜார்க்கண்டின் மேற்கு சிங்பும் மாவட்டத்துக்குப் போவதற்கு முன்பே இதைப் படித்திருந்தேன். நான் போனது நடவுக் காலம். டாடாநகரிலிருந்து சாய்பாசா போகிற சாலையின் இரண்டு பக்கமும் முழங்கால் சேற்றில் குனிந்து நின்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். உழவு சில நாள் வேலை. நாற்றுப் பறிப்பது, நடுவது, களையெடுப்பது, அறுப்பது, கட்டுச் சுமப்பது, புடைப்பது, அவிப்பது எல்லாம் அவர்களுடையவை. ஆனால் ஏர் பிடிக்கிறவன்தான் உழவன் என்றால், இவர்களை என்ன பெயர் சொல்லி அழைப்பது?

சாய்பாசாவுக்குத் தெற்கே போகப் போக மேடும் காடும். எழுநூறு மலைகள் என்று சொல்லப்படுகிற சாரண்டா, சால் மரக் காடு. மண் சிவப்பு, இரும்புத் தாது கலந்த சிவப்பு. அந்த இரும்புக்காகத்தான் நோவாமுண்டி, குவா, கிரிபுரு என்று சுரங்க ஊர்கள் எழுந்தன. சுற்றுலாக் குறிப்புகளில் அருவியும் யானையும் வரும். நான் தேடிப் போனது வேறு: இந்த நிலம் யார் பெயரில், எப்போதிலிருந்து?

1831-32இல் சோட்டா நாக்பூர் முழுக்கக் கோல் கிளர்ச்சி நடந்தது. வெளியிலிருந்து வந்த குத்தகைக்காரர்களுக்கும் வட்டிக்காரர்களுக்கும் நிலம் போவதை எதிர்த்த கிளர்ச்சி. வெளியாரை இங்கே 'திக்கு' என்பார்கள். அந்தச் சொல்லில் இன்னும் கசப்பு இருக்கிறது. அடக்கி முடித்த பிறகு 1837இல் ஆங்கிலேயர்கள் ஹோக்களின் கொல்ஹான் பகுதியைத் தங்கள் நேரடி ஆட்சியில் வைத்தார்கள். தாமஸ் வில்கின்சன் வகுத்த விதிகள் ஊர்த் தலைவரான முண்டாவையும், பல ஊர்களுக்குத் தலைவரான மான்கியையும் அங்கீகரித்தன. வழக்கத்தை அப்படியே காத்தோம் என்று அரசு சொல்லிக்கொண்டது. அரசு யாரைக் கேட்டு வழக்கத்தைத் தெரிந்துகொண்டது? முண்டாக்களையும் மான்கிகளையும். இருவருமே ஆண்கள்.

பிர்சா முண்டாவின் எழுச்சி 1900இல் ஒடுக்கப்பட்டபின் வந்தது 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம். ஆதிவாசி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் தடுக்கிற சட்டம். ரத்தம் சிந்திப் பெற்றது. இன்றும் அதில் கைவைக்க யாராவது முயன்றால் ஊர் ஊராக எதிர்ப்பு கிளம்பும், கிளம்ப வேண்டும். அதே சட்டத்தின் 7, 8ஆம் பிரிவுகள் காட்டைத் திருத்தி ஊர் அமைத்தவர்களின் நில உரிமையை ஆண் வழி வாரிசுகளுக்கு என்று எழுதிவைத்தன. வாய்வழியாக, ஊருக்கு ஊர் கொஞ்சம் நெகிழ்ந்து இருந்திருக்கக்கூடிய ஒன்று அச்சில் ஏறி உறைந்துபோயிற்று.

வழக்கப்படி மகளுக்கு ஒன்றுமே இல்லை என்பதல்ல. கல்யாணம் ஆகாதவரை அப்பன் நிலத்தில் உழைத்து உண்ணலாம். விதவை மறுமணம் செய்யாதவரை கணவன் நிலத்தில் வாழலாம். விற்கவோ கொடுக்கவோ முடியாது. கல்யாணமாகாத பெண்கள் இங்கே அபூர்வமும் அல்ல. பரியப் பணமாகக் கேட்கப்பட்ட மாடுகளின் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்ததால் சிங்பும்மில் வயது கடந்தும் மணமாகாத பெண்கள் நிறைய இருப்பதை 1872இல் வெளிவந்த தன் நூலில் டால்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி குறிப்பிட்டிருக்கிறார். மகளுக்கு இத்தனை மாடு விலை வைக்கிற அளவுக்கு அவள் உழைப்பின் மதிப்பு அந்தச் சமூகத்துக்குத் தெரிந்திருந்தது. அந்த மதிப்பு அவள் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

விதவையின் அந்த ஆயுள்கால உரிமைதான் அவளுக்கு ஆபத்தாகவும் ஆனது. அவள் இருக்கும்வரை கணவனின் பங்காளிகளுக்கு அந்த நிலம் கிடைக்காது. 'டாயன்', சூனியக்காரி, என்று பட்டம் கட்டி அடிப்பதும் கொல்வதும் ஊரை விட்டு விரட்டுவதும் இந்த நிலக் கணக்கோடு சேர்ந்தது என்று கோவிந்த் கேல்கரும் தேவ் நாதனும் ஜார்க்கண்ட் பற்றிய ஆய்வில் எழுதினார்கள். நான் மூடநம்பிக்கையை மட்டும் காரணம் சொல்லி நகர்கிறவர்களை நம்புவதில்லை. நம்பிக்கை எல்லா வீட்டுக் கதவையும் ஒரேபோலத் தட்டுவதில்லை. 1857இல் ஆங்கிலேயர்கள் தற்காலிகமாகப் பின்வாங்கியபோது சிங்பும்மில் சூனியக்காரிகள் என்று பலர் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் போர் என்று நாம் கொண்டாடுகிற வரலாற்றின் உள்ளே இதுவும் கிடக்கிறது. பாடப் புத்தகத்தில் இதைப் பார்த்ததில்லை. சூனியப் பட்டத்துக்கு எதிராக பிகார் 1999இல் சட்டம் போட்டது, ஜார்க்கண்ட் பிரிந்த பிறகு அதை ஏற்றுக்கொண்டது.

1982இல் 'மானுஷி' இதழின் மது கிஷ்வர், ஹோ பெண்களின் நில உரிமைக்காக உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு 14 ஆண்டு நடந்தது. இடையில் 1992இல் பிகாரின் பழங்குடி ஆலோசனைக் குழு கூடி, பெண்ணுக்கு வாரிசுரிமை கொடுத்தால் நிலம் வெளியார் கைக்குப் போய்விடும், மாற்றம் வேண்டாம் என்றது. 'திக்கு'வை மணக்கும் மகள் பற்றிய பயம். அந்தப் பயம் பொய் அல்ல. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆம் பிரிவு ஆதிவாசி அல்லாதவருக்கு நிலத்தை மாற்றுவதை ஏற்கெனவே தடுக்கிறது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் அணைக்கும் போன நிலம் எந்த மகளின் கல்யாணத்தால் போயிற்று?

1996 ஏப்ரலில் தீர்ப்பு. மூவரில் இருவர், நீதிபதி புஞ்சியும் குல்தீப் சிங்கும், சட்டப் பிரிவுகளை ரத்து செய்ய மறுத்தார்கள். கடைசி ஆண் உரிமையாளரைச் சார்ந்திருந்த பெண்கள் பிழைப்புக்காக அந்த நிலத்தைச் சார்ந்திருக்கும்வரை ஆண் வாரிசின் உரிமை நிறுத்திவைக்கப்படும் என்றார்கள். அதாவது, வழக்கம் ஏற்கெனவே கொடுத்ததைவிட சற்றுக் கூடுதல். உரிமை அல்ல, பொறுத்துக்கொள்ளல். நீதிபதி ராமசாமி வேறுபட்டு, வாரிசுச் சட்டங்களின் பொதுக் கோட்பாடுகள் பழங்குடிப் பெண்களுக்கும் பொருந்தும் என்றார். சமத்துவம் வேண்டும் என்ற அவர் முடிவு எனக்கு உவப்பானது. அதற்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பக்கமும் கைகாட்ட வேண்டியிருந்ததுதான் சங்கடம். ஹோக்களின் சமயமும் முறையும் வேறு. அந்தச் சட்டமே 2(2) பிரிவில் பழங்குடிகளை விலக்கிவைத்திருக்கிறது. தவிர, 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்த தமிழ்நாட்டிலிருந்து போனவள் நான். அண்ணனுக்கு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புடவையோடு திரும்பிய பெண்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள். ஹோ பெண்களுக்கு முன்மாதிரி காட்டும் இடத்தில் நாம் இல்லை.

சாய்பாசா சந்தையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சால் இலைக் கட்டு, பல் துலக்கும் குச்சி, காளான், சோற்றைப் புளிக்கவைத்து எடுக்கிற தியங். தியங் விற்ற ஒரு அம்மாளிடம், கூட வந்த கல்லூரி மாணவியை வைத்து, வயல் யார் பெயரில் என்று கேட்டேன். "தம்பி பெயரில். காடு யார் பெயரில் என்று கேள் தீதி" என்று சிரித்தார்.

நல்ல கேள்வி. 1970களில் வன வளர்ச்சிக் கழகம் சால் மரங்களை வெட்டித் தேக்கு நட்டது. தேக்கில் தைக்க இலையா, எண்ணெய்க்கு விதையா? அடுப்புக்கும் சந்தைக்கும் காட்டை நம்பியிருந்த பெண்களுக்கு அது வெற்று மரம். 1978இல் தொடங்கிய ஜங்கள் ஆந்தோலனில் மக்கள் தேக்கு நாற்றங்கால்களைப் பிடுங்கினார்கள். 1980 செப்டம்பர் 8 அன்று குவாவில் போலீஸ் சுட்டது. மருத்துவமனைக்குக் கொண்டுபோன காயம்பட்டவர்களையும் சுட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். நினைவு கூரப்படும் பெயர்கள் ஆண்களுடையவை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒரு காரியம் செய்தது. காட்டு நிலத்துக்கான பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. ஆக, காட்டோரத்து மேட்டு நிலத்தில் மனைவியின் பெயர் ஏறலாம். அதே குடும்பத்தின் நஞ்சையில் ஏறாது. 2025 ஜூலையில் சத்தீஸ்கரைச் சேர்ந்த ஒரு கோண்ட் குடும்பத்தின் வழக்கில், பெண்ணுக்குப் பங்கு கிடையாது என்ற வழக்கம் நிரூபிக்கப்படாவிட்டால் அவள் வாரிசுகளுக்குச் சம பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கொல்ஹானில் அந்த வழக்கம் 1908லேயே சட்டமாக அச்சாகிவிட்டது. மணமானவர்களுக்கு இருவர் பெயர், தனி ஆள் நடத்துகிற குடும்பத்துக்கு ஒருவர் பெயர் என்கிற வன உரிமைப் பட்டாவிலும், தம்பி வீட்டில் இருந்துகொண்டு தியங் விற்கிற, கல்யாணமாகாத அக்காவின் பெயருக்கு இடம் இல்லை.