கட்டையை எறிந்ததும் விளக்கையே எறிவதும்

மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றும் பேட்டரி நல்லதா, தீர்ந்ததும் தூக்கியெறியும் பேட்டரி நல்லதா என்கிற கேள்வி இன்று சுற்றுச்சூழல் சார்ந்த ஓர் ஒழுக்கக் கேள்வியாக மட்டுமே கேட்கப்படுகிறது. எறிவது பாவம், சார்ஜ் போடுவது புண்ணியம் என்பதாக ஒரு சொல்லாடல் கட்டமைக்கப்பட்டுவிட்டது. கேள்வியை எங்கள் சேத்தூரில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. இருட்டில் நடக்கிறவன் கையில் விளக்கு எப்போது வந்தது? அதற்கான மின்சாரம் யார் தயவில் வந்தது?

சேத்தூர் ஜமீன் ஊர். (பழைய புத்தகங்களில் சேற்றூர் என்று இருக்கும்.) ஜமீன் காலத்து வெளிச்சம் தீவட்டி வெளிச்சம். அதைப் பிடிப்பதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். தென்மாவட்டத்து ஊர்கள் பலவற்றில் பந்தத்துக்குத் துணி கொடுப்பதும் அதைச் சுமந்து முன்னால் நடப்பதும் வண்ணார்மீது சுமத்தப்பட்ட ஊழியம். வெளிச்சம் வேண்டியவன் ஒருவன், அதைத் தூக்குகிறவன் இன்னொருவன். அரிக்கேன் விளக்கு வந்தபோது இது கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் காற்றடித்தால் அணையும், வரப்பில் சறுக்கினால் கண்ணாடி உடையும். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது பற்றி எழுதுகிறவர்கள், ஏறக்குறைய அதே காலகட்டத்தில் கிராமங்களுக்குள் பரவிய டார்ச் லைட்டைப் பற்றி எழுதுவதில்லை. தன் வெளிச்சத்தைத் தானே பிடித்துக்கொண்டு, யார் முன்னாலும் யார் பின்னாலும் நடக்காமல், ஒருவன் தனியாக இரவில் போக முடிந்தது என்பது சின்ன விஷயம் இல்லை.

இதைச் சாத்தியமாக்கியது தூக்கியெறியும் பேட்டரிதான். வேடிக்கை என்னவென்றால் இரண்டில் மூத்தது சார்ஜ் பேட்டரி. பிரெஞ்சுக்காரரான பிளாண்டே ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியை 1859-இல் செய்துவிட்டார். லெக்லாஞ்சேயின் துத்தநாக–மாங்கனீஸ் மின்கலம் 1866-இல் வருகிறது. அதிலிருந்த திரவத்தைப் பசையாக்கி, கவிழ்த்தாலும் சிந்தாத உலர்கலமாக கார்ல் காஸ்னர் மாற்றியது 1880-களில். மூத்தது மோட்டார் காருக்கும் தந்தி அலுவலகத்துக்கும் போயிற்று. இளையது கைக்கு வந்தது. காரணம் எளியது. சார்ஜ் பேட்டரிக்கு முதலில் ஒரு பிளக் வேண்டும். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓட ஆரம்பித்தது. ராஜபாளையம் மில்லுகளுக்குக் கரண்டு கிடைப்பதும் சேத்தூர்க் குடிசைக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. குடிசைக்குக் கம்பி வருவதற்குப் பல வருஷம் முன்பே, சிவப்புத் தகரம் சுற்றிய மின்சாரம் பெட்டிக்கடைக்கு வந்துவிட்டது. "அண்ணாச்சி, மூணு கட்டை குடுங்க" என்றால் போதும்.

அந்தச் சிவப்புக் கட்டைக்கும் ஒரு முகவரி உண்டு. 1934-இல் கல்கத்தாவில் தொடங்கி, பின்னர் யூனியன் கார்பைடு இந்தியா என்று பெயர் மாறிய கம்பெனியின் எவரெடி அது. சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் அதன் தொழிற்சாலை இருந்தது. 1984 டிசம்பர் 2 இரவு போபாலில் விஷவாயு கசிந்தபோது நாம் பூச்சிமருந்துக் கம்பெனி என்றுதான் பேசினோம். ஆனால் அதன் விற்பனையில் பாதிக்குமேல் பேட்டரி. அதாவது நாட்டின் கிராமங்கள் இருட்டில் நடக்கக் கொடுத்த காசு. 1994-இல் அமெரிக்கத் தாய்க் கம்பெனி தன் 50.9 சதவீதப் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. எவரெடி என்ற பெயர் மட்டும் கடையில் தங்கியது.

காசு என்றேனே, அதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். டார்ச்சுக்குப் போடும் பெரிய கட்டை ஒன்றில் இருப்பது, நன்றாக வேலை செய்தாலும், ஐந்திலிருந்து எட்டு வாட்–மணி. ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்–மணி. ஆக ஒரு யூனிட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கட்டைகள் வேண்டும். கட்டை பத்து ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் யூனிட் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. வீட்டு மீட்டரில் அதே யூனிட் சில ரூபாய். மின்கம்பி எட்டாதவனே மின்சாரத்துக்கு அதிக விலை கொடுத்தான் என்பதே உலர்கலத்தின் அரசியல் பொருளாதாரம்.

அதனால்தான் "தூக்கியெறியும் பேட்டரி" என்ற பெயரே எனக்கு உறுத்துகிறது. எங்கள் பக்கம் அதை யாரும் சும்மா எறிந்ததில்லை. மங்கினால் வெயிலில் காயப்போடுவார்கள். ஓய்வும் சூடும் கிடைத்த கட்டை இன்னும் கொஞ்ச நேரம் எரியும். டார்ச்சுக்கு ஆகாதது ரேடியோவுக்குப் போகும், அதற்கும் ஆகாதது சுவர்க் கடிகாரத்துக்கு. கடைசியில் நாங்கள் உடைப்போம். நடுவிலிருக்கும் கரிக்குச்சி தரையில் கோடு போட. கறுப்புத் தூள் சிலேட்டுக்கும் கரும்பலகைக்கும் பூச. அந்தத் தூள் மாங்கனீஸ் டை ஆக்சைடு என்பதோ, அந்தக் காலத்துக் கட்டைகளில் பாதரசமும் கொஞ்சம் சேர்ந்திருந்தது என்பதோ எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சிக்கனம் என்று இதைப் புகழ்ந்துவிட முடியாது. விஷத்தைக் கையால் பிரித்த சிக்கனம் அது.

சார்ஜ் டார்ச் சேத்தூரில் பரவியதை மும்முனை மின்சாரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1984-இல் சிறு விவசாயிகளுக்கு வந்தது. 1989–91 கருணாநிதி ஆட்சியில் எல்லோருக்கும் வந்தது. ஆனால் இலவசக் கரண்டு முறைவைத்து வரும். பல நாள் ராத்திரியில்தான் வரும். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டு ஆண்டுகளில் கேட்கவே வேண்டாம். மோட்டாரைப் போட்டு மடை மாற்றப் போகிறவனுக்கு, கீழே விரியன், மேற்கே மலையிலிருந்து தென்னந்தோப்புக்கு இறங்கும் யானை. இந்த ராத்திரிக்காகவே சீனத்திலிருந்து மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் வந்தன. பின்பக்கம் பிளக்கை இழுத்துச் சுவரில் செருகிவிடலாம். கட்டை வாங்குகிற செலவு இல்லை. தினமும் எரிக்கிறவனுக்கு இது லாபம் என்பதில் சந்தேகமே இல்லை.

ஆனால் மலிவான பல டார்ச்சுகளின் உள்ளே இருப்பது சின்ன ஈய–அமில பேட்டரி. அதைத் தீர்ந்த நிலையில் போட்டுவைத்தால் ஈய சல்பேட் இறுகி, பிறகு சார்ஜே ஏறாது. பகல் முறை வந்த நாட்களில் டார்ச் மூலையில் கிடக்கும். அடுத்த ராத்திரி முறைக்கு எடுத்தால் செத்திருக்கும். எங்கள் மாமா ஒருத்தர் அப்படி நாலு டார்ச்சை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். "பேட்டரி மட்டும் மாத்திக்கிடலாம்னா ஒட்டிவச்சிருக்கான்ல, மாப்ளே" என்பார். அவருடைய அப்பாவின் மூணு கட்டை டார்ச்சோ, பித்தளை மங்கியிருந்தாலும், கட்டை போட்டால் இன்னும் எரியும். அன்று கட்டையை எறிந்து விளக்கை வைத்துக்கொண்டோம். இன்று சார்ஜ் போடுகிறோம் என்ற பெயரில் விளக்கையே எறிகிறோம், உள்ளே ஈயத்தோடு.

பிளக்கும் இல்லை, கட்டையும் இல்லை என்றால்? 1990-இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது; இலங்கை அரசு வடக்குக்குத் தடைசெய்த பொருள்களின் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் இட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். கடையும் கம்பியும் ஒரே அதிகாரத்தின் கைக்குள் போனபோது உடம்பு மட்டும்தான் மிஞ்சியது.

ஆகவே என் பதில் இது: தினம் எரியும் டார்ச்சுக்குச் சார்ஜ் பேட்டரி, அதுவும் கழற்றி மாற்றக்கூடியது, சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் சாதாரணக் கட்டை போதும், ஏனென்றால் வருஷக்கணக்கில் துளித்துளியாகக் குடிக்கும் சாதனத்தில் சார்ஜ் பேட்டரி பெரும்பாலும் தானாகவே வடிந்துபோகும். நிக்கல்–காட்மியம் வேண்டவே வேண்டாம். ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை மக்களின் எலும்பைக் காட்மியம் என்ன செய்தது என்பது 1968-இல் அந்த அரசே ஒப்புக்கொண்டது.

எறியும் இடம் மட்டும் பாக்கி. 2001 விதிகள் ஈய–அமில பேட்டரியைப் பற்றி மட்டும் பேசின. 2022 விதிகள்தான் எல்லாப் பேட்டரிகளையும் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்தன. லாரி பேட்டரிக்கு விலை உண்டு என்பதால் அது எந்த விதியும் இல்லாமலே பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும். மாமாவின் நாலு டார்ச்சையும் கொண்டுபோனபோது அவர் பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேண்டாம்ணே" என்று திருப்பிக் கொடுத்தார். அவை இப்போதும் தொழுவத்துச் சுவரில்தான் தொங்குகின்றன.