வன்னிக் கிணறுகளும் நீரிறைக்கும் இயந்திரமும்

வன்னி என்றதும் குளங்களே நம் நினைவுக்கு வருகின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே போகலாம். நெல்வயலுக்குக் குளம் போதும். துருசைத் திறந்துவிட்டால் நீர் தன் பாரத்தினாலேயே வாய்க்கால் வழியே ஓடிவிடும். வாய்க்காலுக்கு மேலே கிடக்கும் மேட்டுநிலத்துக்கோ நீர் தானாக ஏறி வராது. அதனை யாரேனும் ஏற்றித் தரவேண்டும்.

முன்னாளிலே அவ்வேலையைத் துலா செய்தது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்துக் கவிழ்க்க, இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியற்காலையிலே தொடங்கினால் வெயில் ஏறுமுன் ஒரு சிறு தோட்டம் நனையும். மூன்று பேருடைய உழைப்பின் அளவே தோட்டத்தின் அளவாகவும் இருந்தது. இந்த அளவை உடைத்தெறிந்தது, ஒருவர் கையிலே தூக்கிச் செல்லக்கூடிய மையநீக்க நீரிறைக்கும் இயந்திரம்.

இதன் தத்துவம் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலே பிரான்சு தேசத்தவரான டெனி பாப்பன் இத்தகைய பொறியொன்றை அமைத்தார். 1851ஆம் ஆண்டு இலண்டனிலே நடந்த பெரும் பொருட்காட்சியில், ஆங்கிலேயரான அப்போல்ட் என்பவர், சக்கரத்தின் இதழ்கள் நேராக இருப்பதைவிட வளைந்திருந்தால் அதே வலுவுக்கு இரு மடங்கிற்கும் மேலான பயன் கிடைக்கும் என்பதை மெய்ப்பித்துக் காட்டினார். இன்று நம் தோட்டங்களிலே உறுமும் இரண்டங்குல இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் அந்த வளைந்த இதழ்ச் சக்கரமே இருக்கிறது. நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல் அது சுழலும்போது, நீர் ஓரத்துக்கு வீசப்பட்டு வெளிக்குழாயினூடே ஏறுகின்றது. நடுவிலே அமுக்கம் குறைகின்றது.

நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இயந்திரம் கிணற்று நீரை இழுக்கிறது என்று நாம் சொல்லுகிறோம். உண்மையிலே வெளியே உள்ள காற்றுத்தான் நீரை அழுத்தி மேலே தள்ளுகின்றது. உறிஞ்சு குழாயிலே நீர் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது என்பதைக் கலிலியோ 1638இல் எழுதினார். காற்றின் அமுக்கமே காரணம் என்று அவருடைய மாணாக்கர் டொரிசெல்லி 1640களிலே விளக்கினார். அந்த எல்லை ஏறத்தாழ 10 மீற்றர். குழாயின் உராய்வையும் சிறு கசிவுகளையும் கழித்தால் நடைமுறையிலே 7 மீற்றர் வரை கிடைக்கும். அதற்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் எவ்வளவு வலிய இயந்திரமானாலும் வெறுமனே சுழலும். குழாயின் நுனியிலுள்ள புட்வால்வு கசிந்தாலும் இதே கதைதான்.

வன்னியிலே சிறுபோகக் காலத்து வெயிலில் கிணறுகள் தாழ்ந்துவிடுகின்றன. வவுனியாப் பகுதியிலே கடினப் பாறைக்கு மேலுள்ள மண்படையிலும் பாறை வெடிப்புகளிலும் தங்கும் நீரே கிணற்றுக்கு ஊற்று. இறைக்கிற கிணறு ஊறும் என்பார்கள் நம் முன்னோர். அப்பழமொழி துலாவுக்குப் பொருந்தும். இயந்திரத்துக்குப் பொருந்துமா என்பது எனக்கு ஐயமே. கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு 400 லீற்றர் வீதம் ஒரு மணி நேரம் இறைத்தால் 24,000 லீற்றர். 5 மீற்றர் அகலமான வட்டக் கிணற்றிலே அது ஒரு மீற்றருக்கு மேற்பட்ட தாழ்வு. ஊற்று அந்த வேகத்துக்கு ஈடுகொடாது. நீர் தாழத் தாழ, இயந்திரம் தரும் நீரும் குறைகின்றது. எண்ணெயோ முன்போலவே எரிகின்றது.

இவ்வளவு குறையிருந்தும் இயந்திரம் வன்னியிலே செழிப்பைக் கொண்டுவந்தது. 1970 முதல் 1977 வரை இருந்த அரசாங்கம் செத்தல் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிலே குடியேறிய இளைஞர்கள் மேட்டுநிலத்திலே அவற்றைப் பயிரிட்டுப் பொருளீட்டினர். 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. மிளகாய்க்கும் எண்ணெய்க்கும் இடையிலுள்ள விலை வேறுபாட்டிலேதான் அந்தக் கமம் நின்றது என்பதை அப்போது யாவரும் உணர்ந்தனர்.

அடுத்த சோதனை கடுமையானது. 1990 முதல் வடபுலத்துக்குப் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், உரம் என்பன செல்வது தடைசெய்யப்பட்டது, அல்லது மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது. 1995இன் இறுதியிலே யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் பெருந்தொகையாக வன்னிக்குள் வந்தனர். உண்ண வேண்டிய வாய்கள் பெருகின. மண்ணெண்ணெய் இயந்திரத்தைச் சூடேற்றச் சிறிது பெற்றோல் வேண்டும். சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றலாம். அந்தச் சில துளிப் பெற்றோலும் பொன்னாயிற்று.

எண்ணெயை மிச்சம்பிடிக்க வேகத்தைக் குறைத்தால் என்ன என்று தோன்றும். இங்கேதான் இவ்வியந்திரத்தின் இயல்பு நம்மைக் கைவிடுகிறது. வேகம் பாதியானால் நீர் ஏறக்கூடிய உயரம் காற்பங்காகிவிடும். முழு வேகத்திலே 30 மீற்றர் ஏற்றவல்ல இயந்திரம் அரை வேகத்தில் ஏழரை மீற்றர்தான் ஏற்றும். அந்த உயரத்தில் ஒரு துளியும் வழியாது. ஆழக் கிணற்றிலே எண்ணெய் எரிந்ததுதான் மிச்சமாகும். மெய்யான சிக்கனம் வேறிடத்திலே இருக்கிறது: குழாயைக் குறுக்குவது, அகன்ற குழாயைப் பூட்டுவது, இயந்திரத்தை நீருக்கு அண்மையில் வைப்பது.

இவற்றுள் இறுதியானதே உயிரைக் குடிப்பது. நீர் தாழ்ந்த காலத்தில் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி, படிக்கட்டிலோ பலகையிலோ வைத்து ஓட்டுவது உண்டு. அதன் புகையிலே நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு இருக்கிறது. காற்றோட்டமில்லாத கிணற்றுக்குள் அது தங்கிவிடும். நின்றுபோன இயந்திரத்தைப் பார்க்க இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் விழுந்த சம்பவங்கள் இந்நாட்டிலே நிகழ்ந்துள்ளன. கிணற்றுக்குள் இயந்திரம் ஓடியிருந்தால், அது நின்ற பின்னரும் ஒருவரும் இறங்கலாகாது.

போர் 2009இலே முடிந்தது. எண்ணெயின் பிடி முடியவில்லை. 2022 ஓகத்து மாதத்திலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மின்சாரத்தாலோ சூரிய ஒளியாலோ ஓடும் நீர்மூழ்கி இயந்திரங்களிலே சுழலும் சக்கரம் நீருக்குள்ளேயே இருப்பதால், காற்றின் 7 மீற்றர் எல்லை அவற்றுக்கு இல்லை, புகையும் இல்லை. ஆயினும் 5 மீற்றர் அகலக் கிணற்றின் கணக்கு அவற்றுக்கும் அதே கணக்குத்தான்.