ஓவியத்தின் முன் அமர்ந்த ஆசிரியர்

ஆசிரியப் பணி ஓர் இறையழைத்தல் என்கிறோம். ஆனால் அதே பாடம், அதே விடைத்தாள்கள் என ஆண்டுகள் ஓடும்போது, அவ்வழைத்தல் வெறும் வேலையாகச் சுருங்கிவிடுவதையும் நாம் அறிவோம். பயிற்சி முகாம்கள் நம் திறமையைக் கூட்டும். நம் உள்ளத்தைப் புதுப்பிப்பது எது?

நெதர்லாந்தில் பிறந்த அருள்தந்தை ஹென்றி நூவென் (1932-1996), அமெரிக்காவின் நோட்டர் டேம், யேல், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். கற்பித்தல் இருவகை என்று 1971-இல் அவர் எழுதினார். முதல் வகையில் மாணவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள். அறிவு ஆசிரியரிடமிருந்து மட்டுமே வரும். இதை அவர் வன்முறை என்றே அழைத்தார். இரண்டாவது, மீட்பளிக்கும் வகை. அது மாணவருக்குள் இருப்பதை வெளிக்கொணரும். அங்கே ஆசிரியரும் கற்றுக்கொள்வார்.

இதை எழுதியவரும் களைத்துப்போனார். 1983-இல் நீண்ட சொற்பொழிவுப் பயணம் முடித்துச் சோர்ந்திருந்த வேளையில், பிரான்சு நாட்டில் ஒரு கதவில் ஒட்டியிருந்த படம் அவரை ஈர்த்தது. அது ரெம்பிராண்ட் தம் இறுதிக் காலத்தில் வரைந்த 'ஊதாரி மைந்தனின் திரும்புதல்'.

1986-இல் ரஷ்யாவின் ஹெர்மிட்டேஜ் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ எட்டரை அடி உயரமுள்ள அந்த மூல ஓவியத்தின் முன் அவர் மணிக்கணக்கில் அமர்ந்தார். சன்னல் வெளிச்சம் நகர நகர, புதிய விவரங்கள் தெரிந்தன: மகனின் தேய்ந்த காலணி, விலகி நிற்கும் மூத்த மகன், தந்தையின் இரு கைகள். ஒரு கை வலிமையாய்த் தாங்குகிறது. மற்றது மென்மையாய் வருடுகிறது.

முதலில் தம்மை இளைய மகனாகக் கண்டார். பின்னர், கடமை தவறாமலே மனம் கசந்த மூத்த மகனாகக் கண்டார். இறுதியில், தந்தையாக மாறுவதே தம் அழைப்பு என உணர்ந்தார். அதே ஆண்டு கனடாவின் டேபிரேக் இல்லத்தில் அறிவுத்திறன் குறைபாடுள்ளோருடன் வாழச் சென்றார். அங்கே பேச இயலாத ஓர் இளைஞரையே தம் ஆசான் என்றார். இந்த ஓவியத் தியானம் 1992-இல் நூலாக வெளிவந்தது.

நாமும் முயலலாம்

இதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. ஒரு நல்ல படம் போதும். வாரம் ஒருமுறை இருபது நிமிடம் ஒதுக்குவோம்.

1. லூக்கா 15:11-32 பகுதியை மெதுவாக வாசிப்போம்.
2. படத்தை விளக்க முயலாமல் பார்ப்போம். கண் எங்கே நிற்கிறதோ, அங்கே தங்குவோம்.
3. 'இதில் நான் யார்?' எனக் கேட்போம்.
4. நம் மாணவர் ஒருவரின் பெயரைச் சொல்லிச் செபித்து முடிப்போம்.

ஓவியத்தை அவசரமின்றிப் பார்க்கப் பழகிய கண், கடைசி வரிசையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையையும் அவசரமின்றிப் பார்க்கும். தேர்வில் தவறித் திரும்பி வரும் மாணவரிடம் மூத்த மகனைப்போல் கணக்குக் கேட்கப் போகிறோமா, தந்தையைப்போல் கைகளை நீட்டப் போகிறோமா? ஒரு பிள்ளையின் எதிர்காலமே நம் பதிலில் அடங்கியிருக்கலாம். அந்தக் கைகளை இறைவன் நமக்கும் தருவாராக!