அளவு தவறாத சிறு விமானம்

தாமிரவருணியின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெருந்துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று வயல்களும் குளமும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கடல் பல கிலோமீட்டர் விலகிச் சென்றுவிட்டது. முத்துக்குளிப்புக்குப் பெயர்பெற்ற இந்தப் பாண்டியத் துறையைக் கிரேக்கர்கள் 'கொல்கோய்' என்று எழுதி வைத்தனர். 1968-69-ஆம் ஆண்டுகளில் தமிழகத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. சங்கு அறுத்த தடயங்கள் கிடைத்தன. பானை ஓடுகள் கிடைத்தன. ஆனால், முத்தையும் சங்கையும் ஏற்றிச் சென்ற மரக்கலம் எத்தனை அடி நீளம், எத்தனை பாய்மரம் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் கீறப்பட்ட கப்பல் உருவம் உண்டு. அது படம்தானே தவிர, அளவு அன்று.

மரம் மக்கிப் போனது இயற்கை. அதன் அளவை யாரும் குறித்து வைக்காததுதான் இழப்பு. இதே இழப்பு நம் கண்ணெதிரே மீண்டும் நிகழ்ந்து கொண்டிருக்கிறது. ஏர் இந்தியா நிறுவனம் தன்னிடம் எஞ்சியிருந்த நான்கு போயிங் 747 ரக விமானங்களை அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு விற்றது. அவற்றில் ஒன்று 2024 ஏப்ரல் 22 அன்று மும்பையிலிருந்து புறப்பட்டுச் சென்றது. 1971-இல் தொடங்கிய 'ஜம்போ' காலம் அத்துடன் இந்தியப் பயணியர் வான்வழியில் முடிவுக்கு வந்தது. இனி அந்த விமானத்தை ஒரு சிறுவன் எங்கே பார்ப்பான்? புகைப்படத்தில் பார்க்கலாம், அதைவிடத் தெளிவாக, அளவு தவறாத மாதிரி வடிவில் பார்க்கலாம்.

விமான மாதிரி என்றதும் விளையாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் உண்டு. அம்பாசமுத்திரத்தின் மரக்கடைசல் பட்டறைகளில் உருவாகும் சொப்புச் சாமான்களை நாம் அறிவோம். அடுப்பும் அண்டாவும் உரலும் உள்ளங்கையில் அடங்கும் அழகு அவற்றுக்கு உண்டு. ஆனால், சொப்பில் அண்டாவுக்கும் உரலுக்கும் ஒரே விகிதம் இருக்க வேண்டியதில்லை. சாயல் இருந்தால் போதும். 'ஸ்கேல் மாடல்' எனப்படும் மாதிரி வடிவத்தின் இலக்கணம் வேறு. மூக்கு முதல் வால் வரை எல்லாப் பகுதிகளும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும்.

இந்த ஒழுங்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1936-இல் பிரிட்டனின் 'ஃப்ராக்' நிறுவனம் 72-இல் ஒரு பங்கு அளவில் பிளாஸ்டிக் மாதிரித் தொகுப்புகளை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் விமான மாதிரிகளைச் செய்து தருமாறு கேட்டது. வானில் தெரிவது நட்பு விமானமா, பகை விமானமா என்பதைப் படைவீரர்கள் வடிவம் கொண்டே அறிவதற்கான பயிற்சி அது. அங்கே அளவுப் பிழை உயிர்ப்பிழையாக முடியக்கூடும். மாதிரி வடிவம் என்பது அறிவுக் கருவி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பயணியர் விமானங்களுக்குப் பெரிதும் வழங்கும் விகிதம் 144-இல் ஒரு பங்கு. நம் தச்சர்களின் கணக்கில் சொன்னால், பன்னிரண்டு அடிக்கு ஓர் அங்குலம். போயிங் 747-200 ரக விமானத்தின் நீளம் 70.6 மீட்டர், இறக்கை முனைகளுக்கு இடையிலான அகலம் 59.6 மீட்டர், வால் உச்சியின் உயரம் 19.3 மீட்டர். இந்த விகிதத்தில் அவை முறையே 49 செ.மீ., 41.4 செ.மீ., 13.4 செ.மீ. ஆகும். ஒரு தொகுப்பைச் சோதிக்க விரும்புவோருக்கு முதல் கருவி பள்ளிப் பிள்ளையின் அடிக்கோல்தான். மாதிரியில் 2 மில்லிமீட்டர் பிழை என்றால், அது அசல் விமானத்தில் ஏறத்தாழ ஓர் அடி.

கடைக்கு வரும் புதிய பெட்டியை மதிப்பிடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'பெட்டி புதியதா, அச்சு புதியதா?' என்பது. மாதிரித் தொகுப்புகள் எஃகு அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. அச்சு செய்யும் செலவு மிகுதி என்பதால், பல பத்தாண்டுகளுக்கு முந்தைய அச்சிலிருந்து வார்த்த பாகங்களைப் புதிய படம் போட்ட பெட்டியில் அடைத்து விற்பது இத்தொழிலில் வழக்கம். பிரிட்டனின் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனம் 1960-இல் வெளியிட்ட டகோட்டா வேறு. அதே நிறுவனம் 2014-இல் முற்றிலும் புதிய அச்சில் கொண்டுவந்த டகோட்டா வேறு. இரண்டும் 72-இல் ஒரு பங்குதான், பெயரும் ஒன்றுதான். எனினும் இடையில் அரை நூற்றாண்டுத் தொழில்நுட்பம் நிற்கிறது.

பழைய அச்சையும் புதிய அச்சையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம், தகடுகள் இணையும் கோடுகள். பழையவற்றில் அவை மேடாகப் புடைத்திருக்கும். புதியவற்றில் பள்ளமாகக் கீறப்பட்டிருக்கும். ஆனால், பள்ளம் என்றாலே சிறப்பு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாதிரியில் 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு, அசல் விமானத்தில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர் அகலமுள்ள வாய்க்காலாகும். எந்த விமானத்தின் உடலிலும் அப்படிப்பட்ட வாய்க்கால்கள் ஓடுவதில்லை. இறக்கையின் பின்விளிம்பும் அப்படியே. அங்கே 1 மில்லிமீட்டர் தடிப்பு இருந்தால், அசலில் அது 14 செ.மீ. தடித்த சுவர். நல்ல வார்ப்பு இந்த இடங்களில் அடக்கமாக இருக்கும்.

இரண்டாவது கேள்வி, எந்த வகை விமானம் என்பது. 747 என்பது ஒரே விமானம் அன்று. 1969 பிப்ரவரி 9-இல் முதன்முறையாகப் பறந்தது முதல், 2023 ஜனவரியில் கடைசி விமானம் ஒப்படைக்கப்பட்டது வரை 1,574 விமானங்கள் கட்டப்பட்டன. இடையில் வடிவம் பலமுறை மாறியது. 747-100, 747-200 ஆகிய இரண்டுக்கும் முதுகுத் திமில் குட்டை. 747-300-இல் மேல்தளம் ஏறத்தாழ 7 மீட்டர் நீட்டப்பட்டது. மாதிரியில் அது 5 செ.மீ. வேறுபாடு. 747-400-இல் இறக்கை நுனிகள் மேல்நோக்கி மடிந்தன; அகலமும் 64.4 மீட்டராகக் கூடியது. தொடக்ககால விமானங்களின் மேல்தளத்தில் பக்கத்துக்கு மூன்று ஜன்னல்கள். பிறகு வந்தவற்றில் பத்து. எஞ்சின்களும் வாங்கிய நிறுவனத்தைப் பொறுத்து மூன்று உற்பத்தியாளர்களுடையவை. உறையின் வடிவம் மூன்றிலும் வேறு. ஏர் இந்தியாவின் 747-200 விமானங்களில் இருந்தவை பிராட் அண்ட் விட்னி எஞ்சின்கள்.

இந்த நுணுக்கம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஏர் இந்தியா தன் ஜம்போக்களுக்குப் பேரரசர்களின் பெயரைச் சூட்டியது. 747-200 வகையில் பதினொன்று: அசோகர், ஷாஜஹான், ராஜேந்திர சோழன், விக்கிரமாதித்தன், அக்பர், சந்திரகுப்தர், கனிஷ்கர், கிருஷ்ணதேவராயர், சமுத்திரகுப்தர், மகேந்திரவர்மன், ஹர்ஷவர்த்தனர். 747-300 வகையில் இரண்டு: சிவாஜி, நரசிம்மவர்மன். பல்லவ மன்னர்களான தந்தையும் மகனும் இரு வேறு வகை விமானங்களில் பெயர் பெற்றார்கள். மகேந்திரவர்மனுக்குப் பொருந்தும் அச்சு நரசிம்மவர்மனுக்குப் பொருந்தாது. மகனின் விமானத்துக்குத் திமில் நீளம். உடலின் பின்பகுதியில் சரக்கு ஏற்றும் பெரிய பக்கக் கதவும் உண்டு. பெயரை மட்டும் பார்த்து ஒட்டினால் வரலாறு பிழைபடும்.

(இந்தப் பதின்மூன்று பெயர்களில் சோழர் உண்டு, பல்லவர் உண்டு, பாண்டியர் இல்லை. கடல் கடந்த வாணிகத்தால் அறியப்பட்ட கொற்கைத் துறைக்கு உரியவர்கள் வானில் இடம் பெறவில்லை என்பது நெல்லைச் சீமையினருக்குச் சிறு குறைதான்.)

மூன்றாவது, வண்ணமும் எழுத்தும். ஏர் இந்தியா ஜம்போவின் அழகே அதன் ஜன்னல்கள்தாம். ஒவ்வொரு ஜன்னலையும் சுற்றி அரண்மனைச் சாளரம்போலச் செந்நிற வளைவு தீட்டப்பட்டிருந்தது. 'வானில் ஓர் அரண்மனை' என்ற விளம்பரத்துக்கு ஏற்ற ஒப்பனை அது. மாதிரியில் ஒரு ஜன்னலின் உயரம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதைச் சுற்றிய வளைவு மயிரிழை. கையால் தீட்ட இயலாது. நீரில் நனைத்து ஒட்டும் ஒட்டுப்படமே வழி. ஆகவே, ஒட்டுப்படத்தின் அச்சுத் தரம்தான் இந்த மாதிரியின் வெற்றியை முடிவு செய்கிறது. செந்நிறம் வெண்மைக்குள் கசிந்திருக்கிறதா, வளைவுகளின் இடைவெளி வார்ப்பில் உள்ள ஜன்னல்களோடு பொருந்துகிறதா, மன்னரின் பெயரும் பதிவெழுத்தும் ஒரே விமானத்துக்கு உரியவையா என்று உருப்பெருக்காடி வைத்துப் பார்ப்பது நல்லது. பெட்டிகளில் பெரும்பாலும் மேலைநாட்டு நிறுவனங்களின் ஒட்டுப்படங்களே வருகின்றன. நம் விமானத்துக்குத் தனியாக வாங்க வேண்டியிருக்கிறது.

நான்காவது, பொருத்தம். உடலின் இரு பாதிகளும் இடைவெளியின்றி இணைகின்றனவா, இறக்கை வேரில் பிளவு விழுகிறதா, பதினெட்டுச் சக்கரங்களும் ஒருசேரத் தரையைத் தொடுகின்றனவா என்று ஒட்டுவதற்கு முன் வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். மூக்குக்குள் போதிய எடை வைக்காவிட்டால் பல மாதிரிகள் வாலில் உட்கார்ந்துவிடும். தரையில் நிற்கும் விமானத்தின் இறக்கை எரிபொருள் எடையால் தாழும். பறக்கும்போது மேல்நோக்கி வளையும். இந்த வேறுபாட்டைக் குறிப்பேட்டில் சொல்லும் தொகுப்பு, தன் பொருளை அறிந்தவர்களால் செய்யப்பட்டது எனலாம்.

இவை நான்கையும் கூட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை தெரியும். சிறு குறைகளைக் கையால் சரிசெய்யலாம்: பிசிறைச் சீவலாம், பிளவைப் பூசி நிரப்பலாம், ஒட்டுப்படத்தை மாற்றலாம். ஆனால், மூக்கின் வளைவோ திமிலின் சரிவோ தவறினால் எந்தத் திறமையாலும் மீட்க முடியாது. நீளம் சரியாக இருந்தும் முகம் தவறினால் அது அந்த விமானம் ஆகாது. எனவே, வடிவத்துக்கு முதலிடம். நுணுக்க வேலைப்பாட்டுக்கு அடுத்த இடம். பெட்டியின் படத்துக்குக் கடைசி இடம்.

வடிவத்தைச் சரிபார்க்க அசல் இருந்தால் நல்லது. ஏர் இந்தியாவில் பறந்து, பிறகு விமானப்படையிலும் கடற்படையிலும் பணியாற்றிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று கோவாவின் கடற்படை வான்வழி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அளவெடுக்க விரும்புவோர் அங்கே போகலாம். பேரரசர் வரிசை ஜம்போக்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 'அசோகர்' 1978 ஜனவரி 1-இல் மும்பைக் கடலில் வீழ்ந்து 213 பேருடன் மறைந்தது. 'கனிஷ்கர்' 1985 ஜூன் 23-இல் அயர்லாந்து அருகே வெடிகுண்டுக்கு இரையானது; 329 பேர் மாண்டனர். அந்த விமானங்களின் மாதிரியைச் செய்பவன் மேசை அலங்காரத்தை மட்டும் செய்யவில்லை. ஒரு நினைவுச் சின்னத்தையும் செய்கிறான். அங்கே அலட்சியத்துக்கு இடமில்லை.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுதளம் 3 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருக்கிறது. நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் கொற்கை, சிவகளை, ஆதிச்சநல்லூர் தொல்பொருள்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. ஒன்று நாளைய பயணத்துக்கான இடம். மற்றது நேற்றைய பயணத்தின் எச்சம். இரண்டுக்கும் இடையே, இந்தியர் பறந்த விமானங்களை விகிதம் தவறாத மாதிரிகளாகக் காட்டும் ஒரு சிறு கூடம் வாகைக்குளத்தில் அமையலாம். அதற்கான கைகள் வெளியூரில் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் மரம் கடையும் கைத்திறன் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறது. கணினி வரைபடமும் முப்பரிமாண அச்சும் பயிலும் மாணவர்கள் நம் பாலிடெக்னிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். இவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்துவதுதான் தேவை.

விமான நிறுவனங்களும் பராமரிப்புப் பணிமனைகளும் தம்மிடமுள்ள பழைய வரைபடங்களையும் வண்ணக் குறிப்புகளையும் பொதுவில் வைத்தால், வெளிநாட்டுப் பெட்டியை எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிலை மாறும். அதுவரை வருகிற பெட்டியைத் திறக்கும் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையின் கையில் பசைக்கு முன் அடிக்கோலைக் கொடுக்கட்டும். 49 செ.மீ. இருக்கிறதா என்று அவன் அளந்து பார்க்கட்டும். கொற்கைத் துறையில் நின்ற மரக்கலத்தை அப்படி ஒருவன் அளந்து குறித்து வைத்திருந்தால், இன்று நாம் பானை ஓட்டின் கீறலைப் பார்த்து ஊகித்துக் கொண்டிருக்க வேண்டியிருக்காது.