காப்புரிமை பெறாத கால்

திரேஸ்புரம் கரையில் வள்ளத்தை விட்டு இறங்குபவரின் கால் முதலில் படுவது தண்ணீரில்; அடுத்து ஈரமணலில். பிறகு சம்மணமிட்டு அமர்ந்து வலையைப் பழுதுபார்க்க வேண்டும். செருப்புக்கு அங்கே வேலையில்லை. இத்தகைய கரையில் காலை இழந்த ஒருவருக்கு எந்தச் செயற்கைக் கால் பொருந்தும்? இதையொத்த கேள்விக்கு விடை கிடைத்தது கடலே இல்லாத ராஜஸ்தானத்தில் என்பது வரலாற்றின் விநோதம்.

1950களில் அமெரிக்காவில் உருவாகிப் பிற நாடுகளுக்கும் பரவிய செயற்கைப் பாதம், காலணிக்குள் நுழைவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் கணுக்கால் மடங்காது. குந்தி அமரவோ, வெறுங்காலுடன் வயலில் இறங்கவோ அது உதவாது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தி இக்குறையை உணர்ந்திருந்தார். அங்கே நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்பித்துவந்தவர் ராமச்சந்திர சர்மா. பள்ளிப்படிப்பு மிகக் குறைவு, பரம்பரைக் கைவினைஞர். லாரி டயருக்கு ரப்பர் ஒட்டும் பட்டறையைக் கண்டபோதுதான் அவருக்கு வழி புலப்பட்டது என்பார்கள். 1968 வாக்கில் அந்தக் கால் உருப்பெற்றது.

அதன் செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் மென்மையான ரப்பர், கணுக்காலுக்கு மரக்கட்டை, இவற்றைச் சுற்றித் தோல்நிற ரப்பர் உறை. அனைத்தையும் அச்சில் இட்டுச் சூடேற்றினால் பாதம் தயார். மேற்பகுதியை அலுமினியத் தகட்டில் தட்டி எடுத்தார்கள். பின்னாளில் பாசனக் குழாய்க்கான பிளாஸ்டிக்கும் பயன்பட்டது. இதற்குக் காப்புரிமை பெறப்படவில்லை. 1978இல் செய்முறையே பன்னாட்டு மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் கட்டுரையாக வெளிவந்தது. எவரும் செய்யலாம், எவரும் திருத்தலாம் என்பதே அதன் பொருள். திறமூலம் என்ற சொல் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது.

1975இல் தொடங்கப்பட்ட பகவான் மகாவீர் விகலாங்க சகாயதா சமிதி இக்காலை இலவசமாக வழங்கலாயிற்று. 1981இல் தமிழகத்தில் நேர்ந்த விபத்தில் காலை இழந்த சுதா சந்திரன், 1984இல் இக்காலுடன் மீண்டும் பரதநாட்டிய மேடை ஏறினார். போர் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் 1987இல் ஜெய்ப்பூரின் பெயரைத் தாங்கிய புனர்வாழ்வு நிலையம் எழுந்தது. கண்ணிவெடியில் காலிழந்த தமிழர்களை ராஜஸ்தானியக் கைவினைஞரின் கற்பனை நடக்க வைத்தது.

2013இல் இதே அறம் வேறு வடிவில் வெளிப்பட்டது. விரல்களை இழந்த தென்னாப்பிரிக்கத் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸும் அமெரிக்கக் கலைஞர் ஐவன் ஓவனும் தாம் வடிவமைத்த செயற்கைக் கையின் வரைவை இணையத்தில் பொதுவில் வைத்தனர். முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள எவரும் அதைச் செய்துகொள்ள முடிந்தது. ஆனால் கோப்பு வடிவத்தைத்தான் கடத்தும், கைப்பழக்கத்தைக் கடத்தாது. திரேஸ்புரத்தில் வள்ளம் கட்டும் ஓடாவியின் அறிவைப் போல, துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய பகுதிக்கு வலியின்றிப் பொருந்தும் கிண்ணத்தைச் செய்யும் நுட்பமும் ஒருவர் அருகில் இன்னொருவர் அமர்ந்து கற்க வேண்டியது. கட்டற்ற வடிவமைப்பின் பலவீனமும் இங்கேதான் உள்ளது: எவரும் செய்யலாம் என்ற உரிமை, நன்றாகச் செய்வார்கள் என்ற உறுதியைத் தருவதில்லை.

இன்னொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். 1981இல் பத்மஸ்ரீயும் மகசேசே விருதும் பெற்றவர் மருத்துவர் சேத்தி. அவர் தகுதியானவரே. ஆனால் அவ்விருதுகள் எவற்றிலும் ராமச்சந்திரர் பெயர் இல்லை. 1978ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் மட்டும், மருத்துவர்களுக்குப் பின்னால், கடைசிப் பெயராக அவர் இருக்கிறார். ஏடெழுதியோரின் பெயரைத் தொலைத்துவிட்டு ஏட்டைப் போற்றிய மரபினர் நாம். பொதுவில் வைத்த பொருளுக்கு உரிமையாளர் தேவையில்லை. செய்தவரின் பெயர் தேவை.