கட்டளை எங்கே இருக்கிறது? நிரல் எழுதும் கால்குலேட்டர்களில் விரைவுக் குறிப்பின் வரலாறு, 1974–2013

நிரல் எழுத வசதியுள்ள கால்குலேட்டரைக் கையில் எடுத்த எவருக்கும் இரண்டு கேள்விகள் எழும். வேண்டிய கட்டளை எங்கே இருக்கிறது? அதற்கு எந்த மதிப்புகளை, எந்த வரிசையில் கொடுக்க வேண்டும்? கூடவே வரும் தடித்த கையேட்டில் இரண்டுக்கும் விடை உண்டு. ஆனால் கணக்கின் நடுவே நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் சட்டைப்பைக் கையேடு, முதுகு ஒட்டி, விசைமேல் உறை, திரைப் பட்டியல் என்று விரைவுக் குறிப்புகளுக்கு ஒரு தனி மரபு உருவானது. கட்டளைகள் பெருகின, அவற்றோடு குறிப்புகளும் பெருகின என்று இந்த வரலாற்றைச் சுருக்கிவிடத் தோன்றும். இயந்திரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. கட்டளையை இயந்திரத்துக்குள் செலுத்தும் முறை மாறிய போதெல்லாம் குறிப்பின் வடிவமும் மாறியிருக்கிறது. எண்ணிக்கையை விட இதுவே வலுவான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

வரைபடக் கால்குலேட்டர்களுக்கு முன்னோடியான இயந்திரத்திலிருந்து தொடங்க வேண்டும். 1974 ஜனவரியில் ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனம் 795 டாலர் விலையில் ஹெச்பி-65-ஐ வெளியிட்டது. எழுதிய நிரலைக் காந்த அட்டையில் பதிந்து வைக்க முடிந்த முதல் கையடக்கக் கால்குலேட்டர் அது. நிரலுக்கு 100 படிகள், விசைகள் 35. ஒரே விசைக்கு நான்கு வேலைகள் வரை இருந்தன. மேல்முகத்தில் ஒன்று, சரிவான முன்முகத்தில் நீல எழுத்தில் ஒன்று, விசைக்கு மேலே பலகையில் பொன்னிற எழுத்தில் ஒன்று என அவை அச்சிடப்பட்டிருந்தன; பொன்னிறச் செயலின் நேர்மாறு நான்காவது. திரையில் எழுத்துகளைக் காட்ட வழி இல்லை. நிரலைப் படிக்கும்போது ஒவ்வொரு படியும் இரண்டு இலக்க எண்ணாகவே தெரியும்: முதல் இலக்கம் விசையின் வரிசை, அடுத்தது அந்த வரிசையில் அதன் இடம். 23 என்றால் இரண்டாம் வரிசையின் மூன்றாம் விசை, அதாவது ‘லேபிள்’. 11 என்றால் ‘ஏ’. 24 என்றால் ‘ரிட்டர்ன்’. எண்விசைகளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அவை 00 முதல் 09 வரை தம் மதிப்பாலேயே குறிக்கப்பட்டன. இப்படிப்பட்ட இயந்திரத்தில் விசைப்பலகையே அகராதி. கட்டளையின் பெயர் தெரியாவிட்டாலும் விரல் வைத்து எண்ணிக் கண்டுபிடித்துவிடலாம்.

இதில் வியக்க வைக்கும் நுட்பம் காந்த அட்டையில்தான் இருக்கிறது. அட்டையைப் படித்து முடித்ததும் அதைத் திரைக்கும் முதல் வரிசை விசைகளுக்கும் இடையிலுள்ள பிளவில் செருகி வைக்கலாம். அப்போது அட்டையில் பேனாவால் எழுதியவை ஏ முதல் இ வரையுள்ள ஐந்து விசைகளுக்கு நேர் மேலே வந்து நிற்கும். ‘வட்டி’, ‘தவணை’ என்று எழுதி வைத்தால் அதற்குக் கீழுள்ள விசை அந்த வேலையைச் செய்யும். நிரலும் அதன் விரைவுக் குறிப்பும் ஒரே பொருளாக இருந்தன. பின்னால் வந்த எந்தப் பட்டியலும் பயனர் தானே எழுதிய கட்டளைக்கு இவ்வளவு நேரடியான விளக்கத்தைத் தந்ததில்லை என்பது என் கணிப்பு.

1979-ல் வந்த ஹெச்பி-41சி இந்த உறவை முறித்தது. அதன் திரை 12 எழுத்துகளைக் காட்டியது. கட்டளைகளுக்குப் பெயர் கிடைத்தது. உள்ளமைந்த செயல்கள் 130க்கு மேல் இருக்க, அத்தனைக்கும் விசைப்பலகையில் இடம் இல்லை. விசை இல்லாத கட்டளையைப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டித்தான் இயக்க வேண்டும். ஆக, இடத்தை அறிந்தவருக்கு இருந்த வசதி பெயரை அறிந்தவருக்கு மாறியது. பெயரை மறந்தவருக்காகவே ‘கேட்டலாக்’ பிறந்தது. கேட்டலாக் 1 பயனரின் நிரல்களையும், 2 செருகப்பட்ட தொகுதிகளில் உள்ளவற்றையும், 3 உள்ளமைந்த செயல்களையும் ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டிக் காட்டின. ஓட்டத்தை நிறுத்தி, ஒரு படி முன்னும் பின்னும் நகர்ந்து தேடலாம். இன்னொரு சிறிய ஏற்பாடும் இருந்தது. விசையை அழுத்திப் பிடித்தால் அதன் செயலின் பெயர் திரையில் தோன்றும். உடனே விட்டால் செயல் நடக்கும், விடாமல் பிடித்தால் ‘நல்’ என்று காட்டி ரத்தாகிவிடும். விசைகளுக்குப் பயனர் தன் விருப்பப்படி வேறு வேலை கொடுக்க முடிந்த இயந்திரத்தில் இது பெரிய துணை. எழுதி வைத்துக்கொள்ள வெற்று விசைமேல் உறைகளும் கிடைத்தன.

இதே 41சி பயனர்களே உருவாக்கிய குறிப்புகளுக்கும் களமானது. கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஜே. நெல்சன் 1974-ல் தொடங்கிய ஹெச்பி-65 பயனர் சங்கம் பிற்காலத்தில் பிபிசி (PPC) என்ற பெயரில் வளர்ந்து, இந்த இயந்திரத்தின் உள்ளமைப்பை ஆராய்ந்தது. விசைப்பலகையால் உள்ளிட முடியாத பைட் சேர்க்கைகளையும் இயந்திரம் கட்டளையாக ஏற்கும் என்று தெரியவந்தது. வில்லியம் விக்ஸ் 1980-ல் ‘சிந்தெடிக் ப்ரோகிராமிங்’ பற்றிய நூலில் இதை முறைப்படுத்தினார். இந்தக் கட்டளைகள் நிறுவனத்தின் எந்தக் கையேட்டிலும் இல்லை, கேட்டலாக்கிலும் வராது. 256 பைட்டுகளையும் 16 வரிசை, 16 பத்தியாக விரித்துக் காட்டும் அட்டவணைதான் இங்கே பயன்பட்டது. கட்டளையைப் பைட்டாகச் செலுத்தத் தொடங்கியவுடன் குறிப்பும் பைட் அட்டவணை ஆகிவிட்டது. அதே இயந்திரம், அதே நினைவகம். மாறியது உள்ளிடும் வழி மட்டுமே. என் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

முதுகு ஒட்டிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1981, 1982 ஆண்டுகளில் வந்த ஹெச்பி-11சி, 12சி, 15சி, 16சி ஆகியவற்றின் பின்புறத்தில் செயல்களின் சுருக்க வரைபடங்களும் பிழை எண்களின் பொருளும் அச்சிடப்பட்டிருந்தன. விளக்கத்தைக் காட்ட இயலாத திரை ‘எரர்’ என்று ஓர் எண்ணோடு நின்றுவிட்டால், இயந்திரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். நம்மூர்ப் பொறியியல் மாணவர்களுக்கு நன்கு பழகிய காசியோ எஃப்எக்ஸ்-991 வகையின் மூடிக்குள் இருக்கும் அட்டவணையும் இந்த மரபைச் சேர்ந்ததே. நிரல் எழுத முடியாத கால்குலேட்டர்தான். ஆனால் 28 என்று தட்டினால் ஒளியின் வேகம், 06 என்றால் பிளாங்க் மாறிலி என்பதை மூடியைப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

1985-ல் காசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்தது. வரைபடம் வரையும் முதல் கையடக்கக் கால்குலேட்டர். நிரலுக்கு 422 படிகள் மட்டுமே. 1990-ல் வந்த டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-81 இல் நிரல் நினைவகம் சுமார் 2,400 பைட். இவ்வளவு குறுகிய இடத்தில் ஒரு கட்டளையை எழுத்தெழுத்தாகச் சேமிப்பது வீண். முழுக் கட்டளையும் ஒரே குறியாக, பெரும்பாலும் ஒரே பைட்டாக, உள்ளே போனது. இந்த முறையே 1996-ன் டிஐ-83, 2004-ன் டிஐ-84 பிளஸ் ஆகியவற்றிலும் தொடர்ந்தது. இதன் விளைவைப் பலரும் முதல் நிரலிலேயே எதிர்கொள்கிறார்கள். திரையில் விடையைக் காட்டும் ‘டிஸ்ப்’ கட்டளையை ஆல்ஃபா விசையால் டி, ஐ, எஸ், பி என்று தட்டினால் அது கட்டளை ஆகாது. டி, ஐ, எஸ், பி என்ற நான்கு மாறிகளின் பெருக்கல் என்றே இயந்திரம் எடுத்துக்கொள்ளும். கட்டளையை மெனுவிலிருந்து எடுத்து வைக்க வேண்டும்: நிரல் திருத்தும் திரையில் ‘ப்ரோகிராம்’ விசை, வலப்புறம் நகர்ந்து ‘ஐ/ஓ’, அதில் மூன்றாவது. முகப்புத் திரையில் அதே விசையை அழுத்தினால் இந்த மெனு வராது. நிரலை இயக்கவும் திருத்தவும் புதிதாகத் தொடங்கவுமான மெனுதான் வரும்.

அதனால் டிஐ-83 கையேட்டின் பின்னிணைப்பு அட்டவணையில் கட்டளையின் பெயருக்கும் பயனுக்கும் அடுத்து மூன்றாவது பத்தி ஒன்று இருக்கிறது: எந்த விசை, எந்த மெனு, எத்தனையாவது வரி. அந்தப் பத்தியே இந்த வகை இயந்திரத்துக்கான விரைவுக் குறிப்பின் உயிர். சேர்வு எண்ணிக்கையைத் தரும் ‘என்சிஆர்’ என்றால் ‘மேத்’ விசை, ‘பிஆர்பி’ மெனு, மூன்றாவது வரி.

இதே கணக்கை 1990-ல் வந்த ஹெச்பி-48எஸ்எக்ஸில் பார்ப்போம். அங்கே ‘காம்ப்’ என்று பெயரைத் தட்டினாலே போதும். மெனு வழி வசதிக்காக மட்டுமே. ஆனால் இது மதிப்புகளை முதலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கில் ஏற்றி, பிறகு கட்டளை கொடுக்க வேண்டிய இயந்திரம். 5 முதலில், 2 அடுத்து, பிறகு கட்டளை, விடை 10. வரிசை மாறினால் கணக்கு மாறிவிடும். ஆகவே இந்தக் குடும்பத்தின் குறிப்புகளில் இடம் காட்டும் பத்தியை விட முக்கியமானது அடுக்கு வரைபடம்: இரண்டாம் மட்டத்தில் என்ன, முதல் மட்டத்தில் என்ன, அம்புக்குறிக்குப் பின் மிஞ்சுவது என்ன. இரண்டு நிறுவனங்களின் கையேடுகளும் வேறுபடுவதற்குப் பதிப்பாளரின் ரசனை காரணமல்ல. ஒன்று ‘எங்கே’ என்ற கேள்விக்கும் மற்றது ‘எதைக் கொடுப்பது’ என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கட்டுப்பட்டிருந்தன.

அடுக்கு வரைபடத்தைத் திரைக்கே கொண்டுவந்த பெருமை 1987-ன் ஹெச்பி-28சி-க்கு உரியது. மேலே சொன்ன விக்ஸ் அதற்குள் ஹெச்பியில் சேர்ந்து இதன் மென்பொருள் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். ‘கேட்டலாக்’ விசையை அழுத்தினால் கட்டளைகள் அகரவரிசையில் வரும். கீழே ‘நெக்ஸ்ட்’, ‘ப்ரீவ்’, ‘ஸ்கேன்’, ‘யூஸ்’, ‘க்விட்’ முதலிய மெனு விசைகள். ‘யூஸ்’ அழுத்தினால் அந்தக் கட்டளை ஏற்கும் மதிப்பு வகைகளை மட்டம் மட்டமாகக் காட்டும். தாள் குறிப்பில் இருந்த மிகப் பயனுள்ள பகுதி இயந்திரத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தது.

டிஐ இயந்திரங்களும் இதைப் பின்பற்றின. 1998-ன் டிஐ-89 இல் கேட்டலாக்கில் ஒரு கட்டளையைத் தொட்டவுடன் அதன் அமைப்பு திரையின் அடிவரியில் தெரியும். டிஐ-84 பிளஸில் ‘கேட்டலாக் ஹெல்ப்’ செயலி உண்டு; கட்டளையின் மேல் நின்று கூட்டல் விசையை அழுத்தினால் அடைப்புக்குள் என்ன வர வேண்டும் என்று சொல்லும்.

ஆனாலும் கேட்டலாக் பெயர் தெரிந்தவருக்கே உதவும். ‘ஒரு பட்டியலை வரிசைப்படுத்த வேண்டும், என்ன கட்டளை?’ என்று கேட்பவருக்கு அகரவரிசையால் பயனில்லை. டிஐ-89 கையேட்டைத் தொகுத்தவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். அகரவரிசைப் பின்னிணைப்புக்கு முன்னால் ‘க்விக்-ஃபைண்ட் லொகேட்டர்’ என்ற பகுதியை வைத்து, கட்டளைகளை அவை செய்யும் வேலையின்படி குழுக்களாக்கிப் பக்க எண்ணும் கொடுத்தார்கள். இயந்திரத்துக்குள் கேட்டலாக் இருந்தும் தாளில் இந்தப் பகுதி தேவைப்பட்டது. தேடுவோரின் பக்கம் நின்று எழுதப்பட்ட பகுதி இது. மற்றவை அனைத்தும் பெயரைக் கையில் வைத்திருப்பவருக்கானவை.

2006-ல் வந்த ஹெச்பி 50ஜி-யில் உதவித் திரையில் சிறு எடுத்துக்காட்டும், தொடர்புடைய கட்டளைகளுக்குத் தாவும் மெனு விசைகளும் இருந்தன. இயற்கணிதக் கட்டளைகளுக்கு மட்டுமே இந்த வசதி. பழைய அடுக்குக் கட்டளைகளுக்கு உயர்நிலைக் கையேட்டின் பிடிஎஃப் கோப்பைத்தான் திறக்க வேண்டும். 2013-ன் ஹெச்பி ப்ரைம் இதற்கென்றே ‘ஹெல்ப்’ விசையைத் தந்தது. அதன் ‘டூல்பாக்ஸ்’ விசைக்குள் கணிதம், இயற்கணிதம், செயலி என்று வேலைவாரியான மெனுக்கள் ஒருபுறமும் முழு அகரவரிசைக் கேட்டலாக் மறுபுறமும் உள்ளன; எந்த வழியில் போய்ச் சேர்ந்தாலும் அந்தக் கட்டளைக்கு நேரே ‘ஹெல்ப்’ அழுத்தலாம். தாளில் பின்னிணைப்பாக நின்ற இரண்டு ஒழுங்குகளும் இங்கே ஒரே விசைக்குள் அமைந்திருக்கின்றன. பயனர் எழுதிய நிரல்களுக்கு ‘யூசர்’ என்று தனி இடம் கொடுக்கப்பட்டாலும், அவற்றுக்கான விளக்கத்தை எழுதி வைக்கும் பொறுப்பு இன்றும் எழுதியவரிடமே இருக்கிறது.