கடல் கடந்த தமிழ்க் குரல்

சுவிட்சர்லாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் சென் காலன் என்னும் பழைய நகரம் ஒன்று இருக்கின்றது. அங்குள்ள துறவியர் மடத்தின் நூலகம் உலகப் புகழ் பெற்றது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பெற்ற இசைச்சுவடி ஒன்று அதனுள் காக்கப்பெற்று வருகின்றது. வழிபாட்டுப் பாடலின் சொற்களுக்கு மேலே, குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதைச் சிறு சிறு கோடுகளாலும் வளைவுகளாலும் குறித்து வைத்திருக்கின்றனர். இசைக்குறிகளுடன் முழுமையாகக் கிடைத்துள்ள ஐரோப்பியச் சுவடிகளுள் மிகப் பழையவற்றுள் அஃது ஒன்று. அந்த மடமும் நூலகமும் 1983-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

1983 என்றவுடன் தமிழர் நெஞ்சில் எழுவது வேறொரு நினைவு. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் இலங்கையில் தமிழர்கள் தாக்கப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1981-இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாயிற்று. ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் ஓரிரவில் சாம்பலாயின. ஒரு மக்களின் சுவடியை உலகம் பொன்னேபோற் போற்றுகின்ற காலத்தில் மற்றொரு மக்களின் சுவடி எரிகின்றது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியனாக நான் பலமுறை இவ்விரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதியிருக்கிறேன். எழுதியபின் என்ன சொல்வது என்று அறியாமல் நின்றும் இருக்கிறேன்.

ஊரை விட்டு வெளியேறிய தமிழர் பலர் கடல் கடந்து ஐரோப்பிய நாடுகளில் அடைக்கலம் புகுந்தனர். சுவிட்சர்லாந்திலும் பல்லாயிரவர் குடியேறினர். உணவு விடுதிகளின் சமையலறைகளில் பாத்திரம் கழுவியும் காய்கறி நறுக்கியும் பிழைப்பைத் தொடங்கியவர் அவர்களுள் மிகப் பலர். இன்று அந்நாட்டில் ஈழத் தமிழ் வழியினர் சுமார் 50,000 பேர் வாழ்கின்றனர். அவ்வாறு சென்ற ஒரு குடும்பத்தில், நான் முதலிற் கூறிய அதே சென் காலன் நகரில், 1986-ஆம் ஆண்டு பிறந்தவர் பிரியா ரகு. தாமே பாட்டெழுதித் தாமே பாடும் கலைஞர் அவர். அவருடைய இசைவாழ்வைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

தப்பி ஓடுகின்றவன் பெட்டியில் எத்தனை நூல்களை வைக்க முடியும்? ஆயினும் பாட்டுக்குப் பெட்டி வேண்டியதில்லை. பிரியாவின் தந்தையார் ஓர் இசைக்குழு அமைத்திருந்தார். தமையனார் விசைப்பலகை வாசிக்க, சிறுமி பிரியா தமிழ்த் திரைப்பாடல்களைப் பாடினார். வெளியே பள்ளியில் செருமானிய மொழி. வீட்டிலும் விழாவிலும் தமிழ். குளிர்நாட்டு அரங்கொன்றில், சொந்த ஊரை மீண்டும் காண்போமோ என்று அறியாத மக்கள் கூடியிருக்க, அவ்வூரை ஒருபோதும் வாழ்விடமாகக் கொண்டிராத ஒரு சிறுமி அவர்களுக்காகப் பாடுகிறாள். இக்காட்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள், மாணவ நண்பர்களே. அங்கே பாடியது குழந்தையே ஆயினும், சுமந்தது பெரியோர் சுமை.

அதே காலத்தில் அச்சிறுமியின் செவியில் வேறோர் இசையும் விழுந்தது. அஃது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதன் வரலாற்றை அறியாமல் இவர் கலையை அறிய இயலாது.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் தம் பெயரையும் மொழியையும் இழந்தனர். 1739-இல் தென் கரோலினாவில் அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது முரசு முழங்கிற்று. எனவே மறு ஆண்டு இயற்றிய சட்டத்தில் ஆட்சியாளர் முரசையே தடை செய்தனர். முரசை மக்களின் கையிலிருந்து பறிக்கலாம். தொண்டையை என் செய்வது? கைத்தாளமும் காலடியும் குரலுமே கருவிகளாயின. வயலிலும் தேவாலயத்திலும் அவ்விசை வளர்ந்தது. 1954-இல் ரே சார்லஸ் என்னும் கண்ணிழந்த கலைஞர், தேவாலயப் பாடலின் மெட்டையும் துடிப்பையும் எடுத்து உலகியற் காதலைப் பாடினார். சமயப் பற்றுடையோர் வெகுண்டனர். ஆனால் இளைஞர் கூட்டம் அவர் பின்னே சென்றது. ஆன்மா என்று பொருள்படும் 'சோல்' என்ற பெயர் அவ்வகை இசைக்கு நிலைத்தது. டெட்ராய்ட் நகரத்துப் போதகரின் மகள் அரீதா பிராங்க்ளின் அதனை உச்சிக்குக் கொண்டு சென்றார்.

பின்னர், கணிப்பொறியும் மின்கருவிகளும் மிகுந்த காலத்தில், பழைய குரலின் வெப்பத்தை மீட்க வேண்டும் என்ற எண்ணம் இளைய கலைஞர்க்கு உண்டாயிற்று. டி ஆஞ்சலோ 1995-இலும், எரிகா படு 1997-இலும், லாரின் ஹில் 1998-இலும் வெளியிட்ட இசைத்தொகுப்புகள் அவ்வழியில் எழுந்தவை. இசைத்தட்டு நிறுவனத் தலைவர் ஒருவர் இதற்கு 'நியோ சோல்' என்று பெயரிட்டார். புதிய ஆன்ம இசை என்று நாம் கூறலாம். பெயர் வணிகருடையது, பொருள் அவருடையது அன்று. அக்கலைஞர்களிற் சிலரே இப்பெயரை விரும்பவில்லை.

லாரின் ஹில் போன்றோரின் பாடல்களில் இளம் பிரியா தம்மைக் கண்டார். வியப்பில்லை. முரசிழந்தும் குரலிழவாத மக்களின் இசை, நூலகம் இழந்தவர் மகளுக்கு அயலாகத் தோன்றுமோ? ஆயினும் பெற்றோர் இசையைத் தொழிலாகக் கொள்வதற்கு இசையவில்லை. அவர்களை நான் குறை கூறேன். எல்லாவற்றையும் இழந்து மீண்டவர்க்கு மாதச் சம்பளம் என்பது பெரிய அரண். பிரியா வானூர்தி நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, வானூர்தி உறுப்புகளைக் கொள்முதல் செய்யும் பணியில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தார். மாலை வேளைகளே பாட்டிற்கு உரியனவாயின.

தமையனார் ரோஷான், 'யாப்னா கோல்ட்' என்ற புனைபெயரில் இசையமைப்பாளரானார். முன்னோர் மண்ணின் பெயரைப் பொன்னுடன் சேர்த்து வைத்துக்கொண்டது கருதத்தக்கது. தங்கை எழுத, தமையன் இசை அமைக்க, வீட்டுக் குழு வேறு வடிவில் தொடர்ந்தது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட 'குட் லவ் 2.0' என்னும் பாடல் பலர் கவனத்தை ஈர்த்தது. கால்பந்துக் கணினி விளையாட்டொன்றிலும் அஃது இடம் பெற்று உலக இளைஞர் செவிக்குச் சென்றது. அவ்வாண்டே வார்னர் என்னும் பெரிய இசை நிறுவனம் அவருடன் ஒப்பந்தம் செய்தது. அப்போது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. பதினைந்து வயதில் புகழ் வராவிடில் வாழ்வே வீண் என்று கலங்கும் பிள்ளைகள் இதனைக் குறித்துக்கொள்க.

2021-இல் முதற்றொகுப்பு வந்தது. அதன் ஆங்கிலப் பெயர் இடைவெளியின்றி ஒரே சொல்லாக எழுதப்பெற்றது. 'அடடா, இவள் தமிழச்சி!' என்பது அதன் கருத்து. கோழிக்கறி, எலுமிச்சைச் சோறு என்று நம் வீட்டு உணவையே தலைப்பாகக் கொண்ட பாட்டும் அதில் உண்டு. 'கமலி' என்பது மற்றொன்று. மாமல்லபுரத்தில் சறுக்குப்பலகை ஓட்டிய சிறுமி ஒருத்தியைப் பற்றிய ஆவணப்படம் அப்பாடலுக்குத் தூண்டுகோல். சென் காலனிற் பிறந்தவர், நம் கடற்கரைச் சிறுமியின் துணிவைப் பார்த்துப் பாட்டெழுதினார். கப்பல் ஒருவழியே சென்றதென்று எண்ணியிருந்தோம். பாட்டு மறுவழியே திரும்பி வந்தது.

அப்பாடல்களில் ஆங்கிலமும் தமிழும் கலந்து வரும். தொடக்கத்தில் எனக்கு அது கசந்தது. இலக்கணப் பிழைக்குச் சிவப்பு மை ஊற்றியே நரைத்தவன் நான். பின்னர் ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்தது.

நம் தருமபுரி மாவட்டத்திலும், நாகாவதி, தொப்பையாறு முதலிய அணைகளின் அருகே இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அங்கிருந்து வந்த சிறுமி ஒருத்தி என் வகுப்பில் படித்தாள். "நான் நேற்று வரேல்லை, ஐயா" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "வரவில்லை என்று சொல்" என்று திருத்தினேன். அவள் திருத்திக்கொண்டாள். அதன்பின் என் வகுப்பில் அவள் வாய் திறந்து பேசியதாக நினைவில்லை. எழுத்தில் மட்டும் பிழையே இராது. நல்ல மதிப்பெண் பெற்றாள். நான் அவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

பிரியா ரகு தம் இசைப்போக்கிற்குத் தம் பெயரையே சேர்த்து 'ரகு வேவி' என்று பெயர் சூட்டினார். பிறர் சூட்டும் பெயர் வரும்வரை காத்திருக்கவில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் அவருடைய முழு இசைத்தொகுப்பு வெளிவந்தது. அதன் பெயர் 'சந்தோசம்'. ஆங்கில எழுத்துகளில் அச்சிட்டபோதும் வடவெழுத்தின் ஒலி தோன்றாமல், வீட்டில் வழங்குவது போலவே எழுதியிருக்கின்றனர். என் பெயரன் அதனைக் கைப்பேசியில் காட்டி, "தாத்தா, மகிழ்ச்சி என்பதுதானே நல்ல தமிழ்?" என்று கேட்டான். ஆம் என்றேன். ஆனால் சென் காலனில் அந்த வீட்டில் தாயும் தந்தையும் சொல்லியது இந்தச் சொல்லாகத்தான் இருந்திருக்கும் என்றும் சொன்னேன். பிறகு இருவரும் அத்தொகுப்பை முதலிலிருந்து கேட்டோம்.